அப்பாவைப் பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள், தம்பி

தம்பி, அப்பாவுக்குச் சிறுநீரகம் மாற்றி, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையில் இருக்கிறார், பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிறாள், இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, குளிர்காலம் வேறு தொடங்கப்போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். காற்றைச் சுத்தம் செய்யும் கருவியில் எது நல்லது, காப்பீடு எப்படி, எந்தப் பக்கம் வீடு பார்ப்பது, அப்பாவைத் தொற்றிலிருந்து எப்படிக் காப்பது என்று நான்கு கேள்வி. காப்பீட்டை என்னிடம் கேட்காதீர்கள். கருவி என்றால், காற்றிலுள்ள நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி இருந்தால் போதும். அது இல்லாவிட்டாலும் ஆள் வந்து போனதும் ஜன்னலைத் திறந்து விடுங்கள். வீடு எந்தப் பக்கமானாலும் சரி, குளியலறையை அடுத்தவரோடு பங்குபோடுகிற வீடு மட்டும் வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். நாங்கள் வந்த புதிதில்தான் என் வீட்டுக்காரருக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும் கீமோ சிகிச்சை ஓடிக்கொண்டிருந்தது. ஒரே வீட்டில் மூன்று குடும்பம், எல்லோருக்கும் ஒரே குளியலறை. கீழ் அறையில் இருந்தவர்களின் பையனுக்குச் சின்னம்மை போட்டிருக்கிறது. வீட்டின் சொந்தக்காரர் வெளியே போகச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து அந்தம்மா வாயே திறக்கவில்லை. பையன் குளியலறையிலிருந்து வெளியே வந்தபோது என் கண்ணில் பட்டதால் தெரிந்தது. கொப்புளம் வெளியே தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே அது பரவத் தொடங்கிவிடும். கடைசிக் கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை பரவும். என் வீட்டுக்காரருக்குச் சிறு வயதில் அது வந்ததே இல்லை. வெப்ப நாடுகளில் வளர்ந்தவர்களில் பெரியவர்களாகியும் சின்னம்மை வராதவர்கள் நிறையப் பேராம். அதை அப்போது ஒரு நர்ஸ்தான் சொன்னார்.

அன்று ராத்திரியே எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் மருத்துவமனைக்குப் போன் போட்டேன். ரத்தத்தில் சின்னம்மைக் கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருள் இல்லை என்று பார்த்து, அந்த எதிர்ப்பொருளையே தயாராகக் கொடுக்கும் இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டார்கள். தொற்று பட்ட பத்து நாளுக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அதைப் போட வேண்டும். கொப்புளம் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் அந்த வழி அடைபட்டுப்போகும். அவர் தப்பினார். அந்தம்மாவும் நானும் இன்றைக்கும் ஒரே விசேஷங்களுக்குப் போகிறோம். பேசிக்கொள்வதில்லை.

உங்கள் அப்பாவுக்குச் சின்னம்மை, தட்டம்மை எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். இந்த இரண்டுக்குமான தடுப்பூசியில் உயிருள்ள கிருமி இருப்பதால் அவருக்கு இனிப் பொதுவாகப் போட மாட்டார்கள். ஃப்ளூ ஊசி போடலாம், ஆனால் அவர் உடம்பு அதற்கு அரைமனதாகத்தான் வேலை செய்யும். ஆகையால் நீங்கள், மனைவி, மகள் மூன்று பேரும் ஒன்று விடாமல் போட்டுக்கொள்ள வேண்டும். அது வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும் என்பதால் குளிர் இறங்கும்வரை காத்திருக்காதீர்கள். சில நாடுகளில் பிள்ளைகளுக்கு மூக்கில் அடிக்கும் ஃப்ளூ மருந்து கொடுப்பார்கள், அதில் உயிருள்ள கிருமி உண்டு. வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று சொல்லி, மகளுக்கு ஊசியாகவே கேளுங்கள். பள்ளியிலும் சொல்லி வையுங்கள்: வகுப்பில் யாருக்காவது அம்மை என்றால் அன்றே உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இனி நம் ஆட்கள். "லேசான சளிதான், எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறேன்" என்பார்கள். அவர்களுக்கு லேசான சளி, அப்பாவுக்கு நிமோனியா. தட்டம்மைக் கிருமி, ஆள் அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் இருக்கும். "நாமெல்லாம் புழுதியில் வளர்ந்தவர்கள், நமக்கு எதிர்ப்புச் சக்தி ஜாஸ்தி" என்று பேசும் பெரிய மனிதர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். புழுதியில் வளர்ந்த உடம்பைத்தான் அந்த மாத்திரை தினமும் அடக்கி வைக்கிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது! கைமருந்து கொண்டுவருகிறவர்கள் இன்னொரு ரகம். அதில் சிலது மாத்திரையின் அளவை ரத்தத்தில் ஏற்றும், சிலது இறக்கும். மருத்துவரைக் கேட்காமல் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

நான் கதவில் ஒரு தாள் ஒட்டினேன். இருமல், காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் போனில் பேசுங்கள், மற்றவர்கள் கை கழுவிவிட்டு உள்ளே வாருங்கள் என்று. திமிர் பிடித்தவள் என்று பேர் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன். வந்த நாளில் கடைக்காரரிடம் பேசக் கூசியவள் நான். ஒரு வருஷத்தில் நர்ஸிடமே கை கழுவினீர்களா என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டேன். கை கழுவுவது என்றால் சோப்பும் தண்ணீரும். குளிர்காலத்தில் வரும் நோரோ வைரஸ் வாந்திக்கு ஆல்கஹால் ஜெல் சரியாக வேலை செய்யாது. நெரிசலான பஸ்ஸில், மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் அப்பாவுக்கு முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 மாஸ்க் போடுங்கள்.

தெர்மாமீட்டர் ஒன்று தலைமாட்டில் இருக்கட்டும். 38 டிகிரி செல்சியஸ் காட்டினால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். காய்ச்சல் இறங்கிவிடும், உள்ளே தொற்று ஓடிக்கொண்டே இருக்கும். நடுராத்திரி ஆனாலும் மாற்று அறுவைக் குழுவைக் கூப்பிடுங்கள். அந்த எண் வீட்டில் எல்லோருடைய போனிலும் இருக்க வேண்டும், மகளுக்கும் தெரிய வேண்டும்.

புது மருத்துவரிடம் இன்னொன்றையும் நீங்களாகவே சொல்லுங்கள், குளிர் நாட்டு மருத்துவருக்குச் சட்டென்று தோன்றாமல் போகலாம். வெப்ப நாட்டு மண்ணில் வெறுங்காலோடு நடந்தவர்கள் உடம்பில் ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸ் என்ற புழு பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருக்கக்கூடும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால் அது பெருகி உயிருக்கே உலை வைத்துவிடும். ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், மாத்திரையில் சரியாகும். உறங்கிக்கிடக்கும் காசநோயும் அப்படித்தான். அறுவைக்கு முன்னால் இரண்டையும் பார்த்தார்களா என்று பழைய காகிதங்களில் தேடுங்கள். இல்லையென்றால் அடுத்த சந்திப்பிலேயே கேளுங்கள்.