ஹன்டிங்டன் நோயில் மூளை இணைப்புகள்: கேள்வி பதில்

(ஹன்டிங்டன் என்பது பெற்றோரிடமிருந்து மரபணு வழியாக வரும் மூளை நோய்; கைகால் தானாக ஆடும், யோசனையும் மந்தமாகும். நரம்பு உளவியல் பரிசோதனை செய்வது என் வேலை. மருந்து, அளவு பற்றியெல்லாம் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.)

கேள்வி: அப்பாவுக்கு ஹன்டிங்டன் உறுதியாகிவிட்டது. பெயர்கள் சட்டென்று வருவதில்லை. முதல் எழுத்தைச் சொன்னால் வந்துவிடுகிறது. இது அல்சைமரா மேடம்?

அந்த முதல் எழுத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. அல்சைமரில் விஷயம் மனதில் பதிவதே கெட்டுப்போகும். குறிப்பு கொடுத்தாலும் பெரும்பாலும் பலன் இராது. ஹன்டிங்டனில் பதிந்தது உள்ளே இருக்கும், தேடி எடுப்பதுதான் சிரமம். மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டத்துக்கும் நெற்றிப் பகுதிக்கும் இடையே ஓடும் சுற்றுகள்தான் இதில் முதலில் அடிவாங்குகின்றன. 1, அ, 2, ஆ என்று எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடு போடச் சொல்வோம். எண்ணும் தெரியும், எழுத்தும் தெரியும். ஆனால் 2-க்கு அப்புறம் பேனா நேரே 3-க்குப் போய்விடும். தடம் மாற்றுவதுதான் முடியவில்லை.

கேள்வி: கைகால் ஆட்டம் தொடங்கும் முன்பே யோசனை மந்தமாகுமா?

ஆகலாம். வேகம் குறைவது, பிறர் முகத்தில் கோபத்தையோ அருவருப்பையோ கண்டுபிடிக்கத் திணறுவது இரண்டும் சிலருக்குப் பல ஆண்டுகள் முன்பே தெரியும். வெண்பொருள், அதாவது மூளைப் பகுதிகளை இணைக்கும் நார்கள், அப்போதே மாறத் தொடங்கியிருக்கும்.

கேள்வி: எம்ஆர்ஐ எடுத்தால் எனக்கு எப்போது வரும் என்று தெரியுமா?

தெரியாது. ஆய்வுகள் சொல்வது குழுவின் சராசரி. அதை வைத்து ஒருவருடைய நாள் குறிக்க முடியாது.

கேள்வி: சில பகுதிகளில் இணைப்பு அதிகரிப்பதாகப் படித்தேன். மூளை தானே ஈடுகட்டுகிறது என்றுதானே அர்த்தம்? பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடுமே!

அவசரப்படாதீர்கள். நீங்கள் படித்தது மூளையின் செயல்பாட்டைப் பார்க்கும் எம்ஆர்ஐ பற்றியது. அதில் ‘இணைப்பு’ என்பது கம்பி அல்ல. இரண்டு பகுதிகளின் ரத்த ஓட்டம் சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்ற கணக்கு. அது கூடினால் ஈடுகட்டலாகவும் இருக்கலாம், கட்டுப்பாடு தளர்ந்ததாகவும் இருக்கலாம். தலை லேசாக அசைந்தாலும் கணக்கு பிசகும். அசைவையே அறிகுறியாகக் கொண்ட நோயில் இதை மறந்தால் எப்படி?

அதே நபர்: அப்போ ஈடுகட்டல் என்பதே பொய்யா?

பொய் என்று நான் எங்கே சொன்னேன்? இணைப்பு கூடியவர்கள் சோதனையில் கொடுத்த வேலையையும் நன்றாகச் செய்தார்களா என்று பாருங்கள். செய்திருந்தால் பேசலாம். அப்போதும் சராசரிதான், உங்கள் தலை அல்ல.

கேள்வி: சிஏஜி 42. ஸ்கேனில் எந்த வயது என்று...

மூன்றாவது பதிலைப் பாருங்கள். சிஏஜி என்பது இந்த நோயின் மரபணுவில் ஒரு மூன்றெழுத்துத் துண்டு எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகிறது என்ற எண். அது 40 அல்லது அதற்கு மேல் என்றால் வாழ்நாளில் நோய் வரும் என்று கொள்ளலாம். எண் கூடக் கூடச் சீக்கிரம் வரும் போக்கு உண்டு. ஆனால் ஒரே எண் உள்ள இருவருக்குள் பல ஆண்டு வித்தியாசம் இருக்கும். மரபணு ஆலோசகரிடம் பேசுங்கள்.

கேள்வி: பத்து வயது மகனுக்கு எந்த அறிகுறியும் இல்லை. மரபணு டெஸ்ட் எடுக்கலாமா?

வேண்டாம். வளர்ந்ததும் அவனே முடிவு செய்யட்டும்.

கேள்வி: டெட்ராபெனசின் மறதியைக் குறைக்குமா?

இல்லை. அது அசைவுக்கானது. மனச்சோர்வு வரலாம், கவனம்.

கேள்வி: ஸ்கேன்...

மூன்றாவது பதில்!

கேள்வி: கணவர் நாளெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கிறார். சோம்பலா?

சோம்பல் இல்லை அம்மா. தொடங்கி வைக்கும் சுற்றே பழுதாகியிருக்கிறது. மனச்சோர்வும் சேர்ந்திருக்கலாம், அதை டாக்டர் பார்க்கட்டும். “என்ன செய்யலாம்?” என்று கேட்காதீர்கள். “நடக்கப் போகலாமா, பாட்டு கேட்கலாமா?” என்று இரண்டே வழி கொடுங்கள். கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள்; பதில் வர நேரமாகும்.