பின்பால் பெட்டியில் பூசணம்: வாசகர் கேள்வி, என் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நாலு ஒரே விஷயத்தைப் பற்றியவை: பூசணம் பிடித்த பின்பால் மெஷின், அதாவது சாய்ந்த பலகையில் இரும்புப் பந்தை ஓடவிட்டு விளையாடும் மின்சார விளையாட்டுப் பெட்டி. நாலும் அமெரிக்கா, கனடா வாசகர்களிடமிருந்து. நானும் அங்கே பேஸ்மெண்ட்டில் இந்தப் பெட்டிகளோடு மல்லுக்கட்டுகிறவன் என்பது எப்படியோ பரவிவிட்டது போல. சரி, வரிசையாகப் பார்ப்போம்.

கேள்வி (நியூ ஜெர்சி): அண்ணா, போன மாதம் வாங்கிய வீட்டின் பேஸ்மெண்ட்டில் பழைய வீட்டுக்காரர் ஒரு பின்பால் மெஷினை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். காட்லீப் கம்பெனி, ‘சென்ட்ரல் பார்க்’ என்று எழுதியிருக்கிறது. உள்ளேயும் வெளியேயும் வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம். ப்ளீச் கலந்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டு, கரண்ட் கொடுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

பதில்: தம்பி, துணியைக் கீழே வையுங்கள். பிளக் பக்கமே போகாதீர்கள்.

உங்களிடம் இருப்பது 1966இல் சிகாகோவில் செய்த மெஷின். மேலே நிற்கும் படக்கண்ணாடிக்குள் ஒரு குரங்கு மணி அடிக்குமே, அது இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வேடிக்கை: இது வெளிவந்தபோது அந்த சென்ட்ரல் பார்க் இருக்கும் நியூயார்க் நகரத்திலேயே பின்பாலுக்குத் தடை. 1942இல் மேயர் லகார்டியா காலத்தில் மெஷின்களைச் சம்மட்டியால் உடைத்தார்கள், 1976இல்தான் தடை நீங்கியது.

முதல் வேலை காய வைப்பது. பூசணம் தானாக வருவதில்லை, ஈரம்தான் அதைக் கூட்டி வருகிறது. ஈரம் இருக்கும்வரை நீங்கள் துடைக்கத் துடைக்க அது திரும்பி வரும். அறையில் ஒரு டீஹியூமிடிஃபையர் வைத்து, காற்றின் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்து, பெட்டியின் கதவு, மேல்கண்ணாடி எல்லாவற்றையும் திறந்து வைத்து, இரண்டு மூன்று வாரம் சும்மா விடுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஹீட்டரைப் பக்கத்தில் வைக்க வேண்டாம், வெயிலிலும் தள்ள வேண்டாம். மழைக்காலத்தில் பீரோவில் பூசணம் பிடித்த பட்டுச்சேலையை அம்மா நிழலில்தானே உலர்த்துவார்கள்? அதே கதைதான். திடீர்ச் சூட்டில் ஒட்டுப்பலகை அடுக்கடுக்காகப் பிரியும், படக்கண்ணாடியின் பெயிண்ட் செதில் செதிலாக எழும்பும்.

அந்தக் கண்ணாடியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பூசணத்தைவிடத் துடைத்த கையால் பாழானவைதான் நான் பார்த்ததில் அதிகம், என் கையும் அதில் சேர்த்தி. படம் கண்ணாடிக்குப் பின்பக்கம் அச்சடித்த பெயிண்ட். ஐம்பது அறுபது வருடத்தில் அது கண்ணாடியைப் பிடித்திருக்கிறதா, சும்மா சாய்ந்துகொண்டிருக்கிறதா என்று பார்த்தால் தெரியாது. நான் முதன்முதலாகச் செய்த பெட்டியில் பின்பக்கம் லேசாகப் பூசணம் இருக்கிறதே என்று ஈரப் பஞ்சால் ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன், படத்தில் இருந்த பெண்ணின் பாதி முகம் பஞ்சோடு வந்துவிட்டது. இன்றும் அந்தக் கண்ணாடி என் வீட்டுச் சுவரில் அரை முகத்தோடு தொங்குகிறது. ஆகவே முன்பக்கத்தை மட்டும் துடையுங்கள், அதுவும் கிளீனரைத் துணியில் தெளித்து. கண்ணாடிமேல் நேராகத் தெளித்தால் ஓரம் வழியாகப் பின்னால் இறங்கும். பின்பக்கம் பெயிண்ட் கெட்டியாக இருந்தால் காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுவதுபோல் தட்டலாம். உரிய ஆரம்பித்திருந்தால் தொடவே வேண்டாம். பின்பக்கம் நிறமில்லாத அக்ரிலிக் ஸ்ப்ரே அடித்து, உரிவதை அப்படியே நிறுத்திவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல வழிதான், ஆனால் திரும்பப் பிரித்தெடுக்க முடியாத வழி. முதலில் நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பந்து ஓடும் பலகை மேப்பிள் முகம் வைத்த ஒட்டுப்பலகை. மேலே மெல்லிய லாக்கர் பூச்சு, அது தேய்ந்த இடத்தில் தண்ணீர் பட்டால் மரத்தின் ரேகை உப்பி, பெயிண்ட்டைத் தூக்கிவிடும். அதனால் ப்ளீச் தண்ணீர் கூடாது. நான் நாஃப்தாவில் (பெட்ரோல் மாதிரி எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான்) துணியை லேசாக நனைத்துத் துடைப்பேன். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அறையில் நெருப்பே கூடாது. அப்புறம் நோவஸ் 2 பாலிஷ், மெழுகு. மெலமைன் ஸ்பாஞ்சில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்ப்பது பிரபலமான வைத்தியம், அழுக்கு பிரமாதமாகப் போகும், கூடவே பழைய பூச்சும் போகும். கை நிதானம் தெரிந்த பிறகு செய்யுங்கள். மரத்துக்குள் இறங்கிவிட்ட கறுப்பு முழுசாகப் போகாது. எனக்கு அது இருந்தால் பரவாயில்லை, வயசான மெஷினுக்கு வயசு தெரியட்டுமே. பந்தைக் காப்பாற்ற வேண்டாம், துருப்பிடித்த பந்து உப்புத்தாள் மாதிரி பலகையை அராவும். புதுசு வாங்குங்கள், மலிவுதான்.

கரண்ட் ஏன் கூடாது என்றால், உள்ளே கம்ப்யூட்டர் கிடையாது, ரிலேக்களும் (மின்காந்தத்தால் திறந்து மூடும் ஸ்விட்சு) ஸ்டெப்பர்களும் (ஒவ்வொரு படியாக நகர்ந்து எண்ணும் சக்கரம்) நூற்றுக்கணக்கான தகட்டு ஸ்விட்சுகளும்தான். ஒரு ஸ்டெப்பர் துருவில் சிக்கி நின்றாலும் அதன் காயிலுக்கு (அதை இழுக்கும் செம்புக் கம்பிச் சுருள்) கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் என்ன வாசனை என்று யோசிப்பதற்குள் காயில் கருகிவிடும். முதலில் ஒவ்வொன்றையும் கையால் அசைத்து, தானாகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வராததைக் கழற்றி, காய்ந்து கெட்டியான பழைய கிரீஸை ஆல்கஹாலில் துடைத்து எடுங்கள். ஸ்விட்சு முனைகளை ஒரு விசிட்டிங் கார்டை இடையில் விட்டு இழுத்தாலே பாதி சுத்தமாகும், மீதிக்கு மெல்லிய அரம். டபிள்யூ.டி.-40 மாதிரி தெளிப்பு எண்ணெயை உள்ளே அடிக்காதீர்கள், தூசியைப் பிடித்து வைக்கும், ஸ்விட்சில் பறக்கும் பொறிக்கு அது தீனி. கடைசியாகச் சுவருக்குப் போகும் ஒயரைப் பாருங்கள், எர்த் இல்லாத பழைய ஒயராக இருந்தால் மூன்று முனை ஒயராக மாற்றி, ஃபியூஸ்கள் சரியான அளவுதானா என்று பார்த்த பிறகு பிளக்கைச் சொருகலாம். அந்தக் குரங்கு மணி அடித்தால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி (ஒன்டாரியோ): என்னுடையது 1977ஆம் வருட பாலி கம்பெனியின் ‘எய்ட் பால்’ மெஷின். எலெக்ட்ரானிக் போர்டின் ஓரத்தில் பச்சையாகப் பூசணம். ஆல்கஹால் போட்டுத் துடைத்தேன், மறுபடி வருகிறது. என்ன செய்ய?

பதில்: அது பூசணமே இல்லை. அந்தக் காலத்து பாலி போர்டுகளில் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்றைச் சால்டர் செய்து வைத்திருப்பார்கள், அது கசிந்து செம்பைத் தின்றுகொண்டிருக்கிறது. பேட்டரியை இன்றைக்கே வெட்டி எடுங்கள். கசிவு காரம் என்பதால், போர்டைக் கழற்றி, வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, அப்புறம் ஆல்கஹால் ஊற்றி, நன்றாகக் காய விடுங்கள். பச்சை ஏறிய சாக்கெட்டுகளையும் சின்னப் பாகங்களையும் மாற்றத்தான் வேண்டும், தேய்த்து மினுக்கினால் ஆறு மாதத்தில் திரும்ப வரும். புதுப் பேட்டரியைப் போர்டில் வைக்காமல், தள்ளி ஒரு ஏஏ பேட்டரிக் கூட்டில் வையுங்கள், இடையில் ஒரு டயோடு (கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடும் சின்னப் பாகம்) கட்டாயம், இல்லையென்றால் போர்டு சாதாரண பேட்டரியை சார்ஜ் செய்யப் பார்க்கும். சால்டரிங் பழக்கம் இல்லையா? இந்த மாடலுக்குப் புதுப் போர்டே செய்து விற்கிறார்கள். இருபதாயிரத்துக்கு மேல் விற்ற மெஷின், உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை.

கேள்வி (இல்லினாய்): என் மகனுக்கு ஆஸ்துமா. கணவர் பூசணம் பிடித்த மெஷினை ஹாலுக்குக் கொண்டுவந்து சுத்தம் செய்யப் போவதாகச் சொல்கிறார். செத்த பூசணம் ஒன்றும் செய்யாதாம். உண்மையா?

பதில்: இல்லை அம்மா. செத்ததும் அலர்ஜியைக் கிளப்பும், அதனால்தான் கொன்றால் போதாது, எடுக்கவும் வேண்டும். வேலை கராஜில் நடக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும், பையன் அந்தப் பக்கம் வரவேண்டாம். அவருக்கு என்95 மாஸ்க், கண்ணாடி, கையுறை. நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள வாக்குவம் இல்லாமல் சாதா வாக்குவம் போட்டால் வித்துகளை வீடு முழுக்க விதைப்பதாக ஆகிவிடும். இன்னொன்று, பெட்டி 1978க்கு முந்தையது என்றால் பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம், உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்கவே கூடாது என்று சொல்லுங்கள். பெட்டியின் அடிப்பலகை மரத்தூள் அழுத்திய பலகையாக இருந்து, ஊறி உப்பியிருந்தால் சுத்தம் செய்ய முயல வேண்டாம், வெட்டி எடுத்துவிட்டு ஒட்டுப்பலகை போடச் சொல்லுங்கள். அவ்வளவும் செய்த பிறகும் மக்கிய வாடை போகவில்லையா, அந்த மெஷின் கராஜிலேயே இருக்கட்டும். கணவர் கோபித்துக்கொண்டால் என்மேல் பழியைப் போடுங்கள்.

கேள்வி (டெக்சாஸ்): சகாய விலையில் வருகிறது, ‘கொஞ்சம் பூஞ்சை, வேலை செய்யும்’ என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: பந்து ஓடும் பலகையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். அடியில் காயில்களின் தாள் சுற்று வெளுத்தோ பழுப்பாகவோ இருந்து கருகாமல் இருந்தால், படக்கண்ணாடி உரியாமல் இருந்தால், வாங்குங்கள். மேலே இருக்கும் பூசணம் வெறும் உழைப்புதான். கண்ணாடி உரிந்திருந்தால் பாதி விலை கேளுங்கள். பெட்டியின் மூலையில் கட்டைவிரலை அழுத்தும்போது மரம் உள்ளே போனால், விற்பவருக்கு நன்றி சொல்லிவிட்டுக் காரை எடுங்கள்.