ஊசியைத் தேடாதீர்கள், மூட்டையைப் பாருங்கள்

கேள்வி: பிராய்லர் கோழியை ஹார்மோன் ஊசி போட்டுத்தான் நாற்பதே நாளில் இரண்டு கிலோ ஆக்குகிறார்களாமே? பண்ணைகளை எல்லாம் மூடிவிட்டு, வீட்டுக்கு வீடு நாட்டுக்கோழி வளர்த்தால் என்ன? (வாசகர், அம்மாபேட்டை, சேலம்)

பதில்: வளர்ச்சி ஹார்மோன் ஒரு தடவை போட்டால் போதாது, திரும்பத் திரும்பக் குத்த வேண்டும். ஷெட்டில் இருக்கும் ஆயிரக்கணக்கான கோழிகளையும் பிடித்துப் பிடித்துக் குத்த ஆள் வைத்தால், கறி விலை உங்கள் ஊர் வெள்ளிக்கொலுசு விலைக்குப் போய்விடும். (தடுப்பூசி வேறு கதை.) இந்த வதந்திக்கு ஒரு தாத்தா உண்டு. அமெரிக்காவில் ஒரு காலத்தில் கோழியின் கழுத்துத் தோலுக்கடியில் ஹார்மோன் குளிகை வைத்தார்கள். 1959-ல் அதைத் தடை செய்துவிட்டார்கள். குளிகை போய்விட்டது, பேச்சு மட்டும் அம்மாபேட்டை வரை வந்திருக்கிறது.

அப்படியானால் எடை எங்கிருந்து வருகிறது? கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 1957, 1978, 2005 ஆண்டுகளின் ரகங்களை ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 56-வது நாளில் முதல் ரகம் 905 கிராம், அடுத்தது 1,808 கிராம், கடைசி ரகம் 4,202 கிராம்! எல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து இனம் சேர்த்த வேலை. நெஞ்சுக்கறி பெருத்த வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்கவில்லை என்பது அந்தக் கோழியின் தலையெழுத்து.

நீங்கள் பயப்பட வேண்டியது ஊசிக்கு அல்ல, தீவன மூட்டைக்கு. 1940களின் கடைசியில் தாமஸ் ஜூக்ஸ் என்ற விஞ்ஞானி, ஆன்டிபயாட்டிக் தயாரித்து மிஞ்சிய கசடைக் குஞ்சுகளுக்குப் போட்டார். அவை மளமளவென்று வளர்ந்தன. அன்று பிடித்த பழக்கம்! நோயே இல்லாத கோழிக்குத் தினமும் கொஞ்சம் மருந்து. செத்தது போகத் தப்பிய கிருமி, மருந்துக்கு அடங்காத கிருமி. ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் இதை நிறுத்தியது. வேறு எந்த மருந்தும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டினைக் கால்நடைக்கும் கோழிக்கும் தரக்கூடாது என்று நம் நாட்டில் உத்தரவு வந்தது 2019 ஜூலையில்தான்.

பண்ணையை மூடலாம் என்கிறீர்கள். 1996 முடியும்வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்த நாமக்கல்லில் கூண்டுக்கோழி ஆண்டுக்கு முந்நூறு முட்டை இடுகிறது. நம் கொல்லைக்கோழி பத்துப் பதினைந்து இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று சத்துணவில் தொடங்கிய முட்டையை எந்தக் கொல்லையிலிருந்து கொடுப்பீர்கள்? கூண்டின் நெருக்கடியும், எருக்குவியலின் ஈயும் நாற்றமும் நியாயம் என்று நான் சொல்லவில்லை. அதற்கெல்லாம் செலவழித்தால் முட்டை விலை ஏறும். அப்போது முதல் ஆளாகப் புலம்பிக் கடிதம் போடப் போகிறவரும் நீங்கள்தான்.

நாட்டுக்கோழி தாராளமாக வளருங்கள். ஆனால் அது தூங்கி விழுந்தால் மெடிக்கலில் கேப்ஸ்யூல் வாங்கி, பிரித்துச் சோற்றில் கலந்து போடும் வேலை மட்டும் வேண்டாம். கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.