நுகர்வோர் கேள்வி-பதில்: பையைத் துவைக்க நாள் கணக்கு உண்டா?

கேள்வி: எங்கள் வீட்டில் காய்கறிக்கு இரண்டு மஞ்சப்பை, மளிகைக்கு ஒரு பெரிய கித்தான் பை, மீனுக்கு ஒரு வயர் கூடை, பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுப் பைகள் என்று பல பைகள் புழங்குகின்றன. வாரந்தோறும் எல்லாவற்றையும் துவைத்தாக வேண்டும் என்கிறாள் என் மருமகள். கிழியும்வரை பையைத் துவைத்ததே இல்லை, அதனால் இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி? – வாசகி, மதுரை

பதில்: மருமகள் பக்கமே நியாயம் அதிகம். ஆனால் எல்லாப் பைகளுக்கும் ஒரே கெடு வைக்க வேண்டியதில்லை. ஒரு பைக்குள் எது போய் வந்தது, அதை ஈரத்தோடு மடித்து வைத்தோமா என்பதைப் பொறுத்தே அதன் அழுக்கு கூடுகிறது.

முதலில் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் மஞ்சப்பைகளில் ஒன்றை எடுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி முழுவதும் திருப்பி, அடி மூலைகளை விரலால் பிதுக்குங்கள். காய்ந்த கறிவேப்பிலை, வெங்காயச் சருகு, உருளைக்கிழங்கு மண், எப்போதோ நசுங்கிய தக்காளியின் விதை எல்லாம் தையல் மடிப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். துவைக்கிறவர்களிலும் பலர் இந்த மூலையைத் திருப்பாமலே அலசிக் கொடியில் போட்டுவிடுகிறார்கள். வெளிப்பக்கம் பளிச்சென்று இருக்க, அடுத்த வாரக் கொத்தமல்லிக் கட்டு அதே பழைய அழுக்கின்மேல்தான் போய் உட்காருகிறது.

அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் கெர்பாவும் அவருடைய குழுவினரும் 2010-இல், கடைக்கு வந்தவர்களிடமிருந்து 84 பைகளைப் பெற்று ஆய்வு செய்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பைகளில், அழுக்குக்கு அடையாளமாகக் கொள்ளப்படும் கோலிஃபார்ம் வகைப் பாக்டீரியா இருந்தது. பையைத் துவைப்பதே இல்லை என்றுதான் அவற்றைக் கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சொன்னார்கள். இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது, பிளாஸ்டிக் உற்பத்தியாளர்களையும் உறுப்பினராகக் கொண்ட அமெரிக்க வேதியியல் தொழில் அமைப்பு என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். துணிப்பை என்றாலே ஆபத்து என்று சொல்ல இதை எடுத்துக்காட்டுபவர்கள், இதே ஆய்வின் இன்னொரு முடிவை விட்டுவிடுகிறார்கள்: கையால் துவைத்தாலும் இயந்திரத்தில் துவைத்தாலும் பையிலிருந்த பாக்டீரியாவில் 99.9 விழுக்காட்டுக்கும் மேல் போய்விட்டது. ஆகவே பிளாஸ்டிக் பைக்குத் திரும்ப இதில் எந்தக் காரணமும் இல்லை. தமிழக அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியபோது பையைக் கையில் கொடுத்தது; அதைத் துவைத்து வைத்துக்கொள்வது நம் பங்கு.

உங்கள் கணவர் சொல்வதற்கும் பதில் தர வேண்டும். வீட்டில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் முந்தின நாள் சாப்பிட்ட ஓட்டலைச் சொல்வோம், தண்ணீரைச் சொல்வோம். கொடியில் தொங்கும் பை யாருடைய நினைவுக்கும் வராது. அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்திலிருந்து 2010-இல் வெளியூர்ப் போட்டிக்குப் போன சிறுமியர் கால்பந்துக் குழுவில் ஒரு சிறுமிக்கு நோரோ வைரஸ் தாக்கி வாந்தி வந்தது. அவள் இருந்த விடுதியறையின் குளியலறையில் தின்பண்டப் பை ஒன்று இருந்தது. அவளைத் தனியே அழைத்துப் போய்விட்ட பிறகு, அந்தப் பையிலிருந்த பிஸ்கெட் முதலியவற்றைச் சாப்பிட்ட மற்றவர்களும் நோயுற்றார்கள். அவளை நேரில் தொடாதவர்களுக்கும் எப்படிப் பரவியது என்று அதிகாரிகள் துருவிப் பார்த்த பிறகே, அந்தப் பையின்மேல் அதே வைரஸ் இருப்பது தெரிந்தது. இத்தனை விசாரணை நம் வீடுகளில் நடப்பதில்லை. ஒன்றும் ஆனதில்லை என்பதற்கு, ஆனது தெரியவில்லை என்ற பொருளும் இருக்கக்கூடும்.

இனி நாள் கணக்குக்கு வருகிறேன். இது என் பரிந்துரை. மீன், கோழி, ஆட்டிறைச்சி வாங்கப் போகும் கூடையையோ பையையோ அன்றன்றே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். மறுநாளைக்கு என்று தள்ளிப்போடக் கூடாது. மேலே சொன்ன ஆய்வில், இறைச்சிச் சாறு பட்ட பையைக் காரின் பின்பெட்டியில் 2 மணி நேரம் வைத்தபோதே பாக்டீரியா 10 மடங்காகப் பெருகியது. மதுரையின் சித்திரை வெயிலைச் சொல்லவே வேண்டாம். வயர் கூடையின் பின்னலுக்குள் செதிலும் நீரும் தங்குவதால், வெறும் தண்ணீர் ஊற்றி அலசினால் போதாது, தூரிகை தேவை. இன்னும் நல்ல வழி, மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு ஒன்றை மீனுக்கென்றே வைத்துக்கொள்வது. எதுவானாலும் அந்தப் பையில் காய்கறியோ பழமோ ஒருநாளும் வாங்கக் கூடாது. சமைக்கும் மீனில் உள்ள கிருமி அடுப்பில் அழிந்துவிடும். அதே பையில் வந்த வெள்ளரிக்காயும் கொய்யாவும் அடுப்பைப் பார்ப்பதே இல்லை.

காய்கறிப் பையை வாரம் ஒரு முறை துவைக்கலாம். தக்காளி நசுங்கினாலோ கீரை ஈரத்தோடு வந்தாலோ அன்றே துவைப்பது நல்லது. பொட்டலம் கட்டிய பருப்பும் சோப்பும் மட்டும் வரும் மளிகைப் பைக்கு மாதம் ஒரு முறை போதும். சாப்பாட்டுப் பையின் உட்புறத்தை நாள்தோறும் மாலையில் துடைத்துத் திறந்து வைத்து, சனிக்கிழமையில் கழுவிக் காயவைக்க வேண்டும்.

பருத்திப் பைக்குச் சாதாரணச் சலவைத்தூளும் அரைமணி நேர ஊறலும் போதும். புதுப் பையின் மஞ்சள் சாயம் இறங்கும் என்பதால் முதல் இரண்டு தடவை தனியாக ஊறவைக்க வேண்டும். உள்பக்கத்தை வெளியே திருப்பி வெயிலில் காயவைத்து, மூலைகள் முழுக்கக் காய்ந்த பிறகே மடிக்க வேண்டும். நன்றாகத் துவைத்துவிட்டு ஈரத்தோடு மடிப்பது பாடுபட்டதை வீணாக்குவதாகும். கொடியில் துணி காயவே இரண்டு நாளாகும் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மாற்றுப் பை ஒன்று இருந்தால் இந்த அவசரம் நேராது.

கேள்வி: துணிப்பை என்று சொல்லிக் கடையில் கொடுத்த பையைச் சலவை இயந்திரத்தில் போட்டேன். ஓரமெல்லாம் பஞ்சு பஞ்சாகப் பிரிந்து, கைப்பிடியும் வந்துவிட்டது. துணி இப்படிப் பிரியுமா? – வாசகர், தாம்பரம்

பதில்: பிரியாது. உங்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் நெய்யப்படாத பை, அதாவது பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கின் மெல்லிய இழைகளைச் சூட்டால் அழுத்தி ஒட்டிய தாள். கண்ணுக்கும் கைக்கும் துணிபோலவே இருப்பதால் நன்கு படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஊடும் பாவும் தெரியாது. அவற்றுக்குப் பதிலாகச் சிறு சிறு புள்ளிகளாக அழுத்திய தடம் சீராக ஓடும். ஓரத்தில் நகத்தால் சுரண்டினால் நூல் வராது, பஞ்சு வரும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களில் நெய்யப்படாத பைகளும் அடங்கும். ஆகவே அதைத் துணிப்பை என்று சொல்லிக் கொடுப்பது இரண்டு வகையில் தவறு. அதற்குத் தனியே விலை வாங்கியிருந்தால், ரசீதோடு கடைக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். வீட்டில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட இத்தகைய பைகளை வெந்நீரிலும் இயந்திரத்திலும் போடாமல், சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் இருபுறமும் துடைத்து நிழலில் காயவைத்து, உலர்ந்த பொருட்களுக்கு மட்டும் பயன்படுத்தி முடியுங்கள். இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகிவிடும்.

கேள்வி: பள்ளிப் பை, அலுவலகப் பை, சாப்பாட்டுப் பை ஆகியவற்றை வாங்கும்போதே சுத்தம் செய்ய எளிதானவை எவை என்று எப்படிக் கண்டறிவது? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இந்தக் கேள்வியை எல்லோரும் கடையிலேயே கேட்டுவிட்டால், வீட்டில் படும் சிரமத்தில் பாதி குறையும். நாம் ஜிப் ஓடுகிறதா, எத்தனை அறை இருக்கிறது என்று பார்க்கிறோம். உட்புறத்தைத் தடவிப் பார்ப்பதில்லை.

சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொள்வோம். வெள்ளிநிற உட்பூச்சின் அடி மூலையில் விரலை வைத்து நெருடிப் பாருங்கள். அங்கே நூல் தையல் தட்டுப்பட்டால், ஒவ்வோர் ஊசித் துளையும் சாம்பார் இறங்குவதற்கான வழி. இறங்கிய சாம்பார் உட்பூச்சுக்கும் வெளித்துணிக்கும் நடுவிலுள்ள பஞ்சுத் தகட்டில் ஊறிவிடும். அதன் பிறகு எத்தனை முறை துடைத்தாலும் ஜிப்பைத் திறந்ததும் புளித்த வாடை முகத்தில் அடிக்கும். அந்தப் பையைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்து வழியில்லை. துளையில்லாமல் சூட்டால் ஒட்டிய மூலையோ, தனியே கழற்றிக் கழுவக்கூடிய உள்ளுறையோ உள்ள பைக்கு விலை சற்றுக் கூடினாலும் அதையே வாங்குங்கள்.

பள்ளிப் பையிலும் மடிக்கணினிப் பையிலும் அடியில் உள்ள அட்டையைப் பாருங்கள். காகித அட்டையைத் துணியால் மூடித் தைத்திருந்தால், தண்ணீர் பாட்டில் ஒரு தடவை கவிழ்ந்தாலே ஊறிப் பூஞ்சணம் பிடிக்கும். உருவி எடுக்கக்கூடிய பிளாஸ்டிக் தகடே நல்லது. உட்துணி வெளிர்நிறமாக இருக்கட்டும். கறுப்பு உட்துணி அழுக்கைத் தாங்குவதாகத் தோன்றும். உண்மையில் அழுக்கை மறைக்கிறது. சலவைக் குறிப்புத் துணுக்கில் தொட்டிப் படத்தின்மேல் குறுக்குக் கோடு இருந்தால் நீரில் முக்கித் துவைக்கக் கூடாது என்று பொருள். தொட்டிக்குள் கை படம் இருந்தால் கையால் மட்டும் துவைக்கலாம்.

ரெக்சின் போன்ற பைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. துணியின்மேல் பாலியுரெத்தேன் பூசிய இவ்வகைப் பைகள், நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றிலேயே சிதைந்து உரியும். நான் ஆசையாக வாங்கிய கைப்பை ஒன்றை மழைக்காலம் முழுவதும் பீரோவில் வைத்துவிட்டு எடுத்தபோது, கையில் பிசுபிசுவென்று ஒட்டிச் செதில் செதிலாக உதிர்ந்தது. சரியாகத் துடைக்காததால்தான் இப்படி ஆயிற்று என்று கடையில் சொன்னார்கள். நானும் வெகுநாள் அப்படியே நினைத்து வருந்தினேன். பூச்சின் இயல்பே அதுதான் என்பது பிற்பாடே தெரிந்தது. உரிந்த இடத்தில் அழுக்கு தங்கும், துடைத்தால் இன்னும் உரியும். தினமும் புழங்க நைலான், பாலியெஸ்டர், கித்தான் ஆகியவையே ஏற்றவை.

இவ்வகைப் பள்ளிப் பையை வாரம் ஒரு முறை கவிழ்த்துக் கொட்டி, தரையில் படும் அடிப்பாகத்தைச் சோப்புத் துணியால் துடைத்தால் போதும். காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகளில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கையால் துவைத்து, எல்லா ஜிப்புகளையும் திறந்து, தலைகீழாக நிழலில் தொங்கவிடுங்கள்.

கேள்வி: பைகளுக்குக் கிருமிநாசினித் தெளிப்பான் வாங்க வேண்டுமா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: வேண்டாம். அழுக்கின்மேல் தெளிக்கும் மருந்து அழுக்கோடுதான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. சோப்பும் தண்ணீரும் அழுக்கையே எடுத்துவிடுகின்றன. கிருமியைக் கொல்லும் சோப்பு என்று விற்றவற்றில் சேர்த்த டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 வேதிப்பொருட்களை, சாதாரணச் சோப்பைவிடப் பயன்தரும் என்று தயாரிப்பாளர்கள் மெய்ப்பிக்காததால், அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016-இல் சோப்புகளில் சேர்க்கத் தடை விதித்தது.

வீட்டில் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து பையின்மேல் பட்டுவிட்டால் மட்டும் தனிக் கவனம் தேவை. ஆல்கஹால் தெளிப்பான் நோரோ வைரசிடம் அவ்வளவாகப் பலிக்காது. துவைத்த பிறகு, 5 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் (துணி வெளுக்கும் பிளீச் திரவம்) 20 மில்லியை 1 லிட்டர் தண்ணீரில் கலந்து, பையை 10 நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். சாயம் போகும், பரவாயில்லை. அந்தக் கரைசலையோ பிளீச்சிங் பவுடரையோ கழிவறை கழுவும் ஆசிட்டோடு எக்காரணம் கொண்டும் கலந்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பி, கதவு சாத்திய சிறு குளியலறையில் மூச்சைத் திணறடித்துவிடும்.

கேள்வி: பேருந்தில் தரையில் வைத்த பையை வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசைமேல் வைக்கிறார்கள். இதைப் பெரிதுபடுத்தலாமா? – வாசகி, சேலம்

பதில்: பெரிதுபடுத்துங்கள். வாசல் கதவுக்குப் பின்னால், வீட்டில் ஆளுக்கொன்றாகக் கொக்கிகளை அடித்து வையுங்கள். அவற்றில் ஒன்று சின்னப் பிள்ளைக்கும் எட்டும் உயரத்தில் இருக்கட்டும்.