கேளுங்கள், பேசுவோம்: நான்கு அரியர், கிழிந்த நோட்டு, தீராத களைப்பு

கேள்வி: அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சேர்ந்தேன். பிளஸ் டூவில் எங்கள் பள்ளியிலேயே இரண்டாம் இடம். இங்கே முதல் வருஷத்திலேயே நான்கு அரியர். அப்பா கொத்தனார், அவரிடம் இன்னும் சொல்லவில்லை. மேடை ஏறுகிற எல்லாரும் 'தோல்வியைத் தாங்குகிற மனசு வேண்டும்' என்கிறார்கள். எனக்கு அந்த மனசு இல்லை போல. விட்டுவிடலாமா?
(பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்)

விட வேண்டாம், தம்பி. அந்த முடிவையே இப்போது எடுக்க வேண்டாம், அடுத்த செமஸ்டர் ரிசல்ட் வரட்டும், அப்புறம் பார்க்கலாம். நான்கு அரியரோடும் காலையில் எழுந்து கிளாஸில் போய் உட்காருகிறீர்கள், வெட்கத்தை விட்டு இந்தக் கடிதத்தையும் எழுதியிருக்கிறீர்கள். மனசெல்லாம் இருக்கிறது. எங்கே தவறியது என்று உட்கார்ந்து பார்த்தீர்களா, அதைத்தான் கடிதத்தில் காணோம்.

உங்கள் மாவட்டத்துக்காரரையே எடுத்துக்கொள்வோம். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தில் படித்தவர், பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு இன்ஜினியரிங் போனவர். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 லேண்டர் நிலவில் மோதி நொறுங்கியபோது, அதே லேண்டரை இன்னும் கொஞ்சம் மன உறுதியோடு திரும்ப அனுப்பலாம் என்று இஸ்ரோவில் யாரும் கிளம்பவில்லை. கடைசி நிமிடங்களின் தரவை எடுத்து வைத்துக்கொண்டு எது எது பிசகியது என்று பார்த்தார்கள். எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தியிருந்தன, அதனால் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போயின, திருத்திக்கொள்ள லேண்டர் வேகமாகத் திரும்ப வேண்டிய நேரத்தில் மென்பொருளில் வைத்திருந்த வரம்பு அதை விடவில்லை, இறங்க ஒதுக்கிய இடமோ வெறும் 500 மீட்டருக்கு 500 மீட்டர். அடுத்த தடவை அந்தப் பரப்பை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரித்தார்கள், கால்களைப் பலப்படுத்தினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், ஐந்து எஞ்சினை நான்காகக் குறைத்தார்கள். எதெல்லாம் கெட்டுப்போகலாம் என்று முதலிலேயே யோசித்து, கெட்டாலும் இறங்கும்படி செய்தார்கள். 2023 ஆகஸ்ட் 23-ல் பத்திரமாக இறங்கியது. மீண்டு வருவது என்று நான் நம்புவது இந்த வேலையைத்தான்.

உங்கள் நான்கு பேப்பரையும் அப்படி முன்னால் எடுத்து வையுங்கள். விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கத் தேதி இருந்தால் வாங்குங்கள், தேதி போயிருந்தால் கேள்வித்தாளே போதும். ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் பென்சிலால் குறியுங்கள்: கேள்வியே புரியவில்லையா, புரிந்தும் பதில் தெரியவில்லையா, தெரிந்தும் நேரம் போதவில்லையா. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. தமிழ் வழியில் வந்த பல பிள்ளைகளுக்கு முதல் வகைதான் அதிகம் இருக்கும் என்பது என் ஊகம். அணிக்கோவை கணக்கைத் தூக்கத்தில் கேட்டாலும் போடுவீர்கள், அதுவே டிடெர்மினன்ட் என்று ஆங்கிலத்தில் நாலு வரியில் வந்தால் கை நின்றுவிடும். அப்படியென்றால் உங்களுக்குக் கணக்கு வராது என்று அர்த்தமே இல்லை. பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பு அரசு இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது, இறக்கிக்கொண்டு உங்கள் பழைய தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் திறந்து வைத்து, ஒரே எடுத்துக்காட்டை இரண்டிலும் படியுங்கள். தெரிந்த கணக்கு என்பதால் ஆங்கிலம் மட்டும்தான் புதிதாக இருக்கும், சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

இரண்டாம் வகைக்கு இன்னொன்று. நோட்ஸைத் திரும்பத் திரும்ப வாசிப்பதை விடுங்கள். 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு பக்கம், படித்துவிட்டு மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதிப் பார்த்தவர்கள்தான் நன்றாக முந்தினார்கள். இதில் கவனிக்க வேண்டியது, நமக்கு நன்றாக ஞாபகம் இருக்கும் என்ற நம்பிக்கை திரும்பப் படித்தவர்களுக்குத்தான் அதிகம் இருந்தது. எழுதிப் பார்க்கும்போது திணறும், ஒன்றுமே ஏறவில்லை என்று தோன்றும். அந்தத் திணறலில்தான் பாடம் உள்ளே போகிறது, அங்கே எழுந்துவிடாதீர்கள்.

அப்புறம் அப்பா. இந்த ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிடுங்கள், வெறும் அரியரை மட்டும் சொல்லாமல் குறித்து வைத்த கேள்வித்தாளையும் காட்டி என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, சுவர் சாய்ந்திருந்தால் பிரித்துக் கட்டுகிறவர் அவர், இதுவும் அவருக்குப் புரியும். ஹவாயில் கவாய் தீவில் 1955-ல் பிறந்த குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார் எம்மி வெர்னர் என்ற ஆய்வாளர். வறுமையும் குடும்பச் சிக்கலும் சூழ வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக நிமிர்ந்தார்கள். அவர்களிடம் அவர் கண்ட பொதுவான சங்கதிகளில் ஒன்று, தங்கள்மேல் அக்கறையுள்ள ஒரு பெரியவராவது கூட இருந்தது. உங்களுக்கு அப்பா இருக்கிறார். அவரை வெளியே நிறுத்திவிட்டுத் தனியாகப் போராட வேண்டாம்.

கேள்வி: மகளுக்கு ஒன்பது வயது. ஒரு கணக்கு தப்பானால் போதும், அழுது, நோட்டுப் பக்கத்தைக் கிழித்துவிடுகிறாள். 'நீ புத்திசாலிடா கண்ணு, உன்னால் முடியும்' என்று எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை.
(ஒரு தாய், கரூர்)

'புத்திசாலி'யைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள் சகோதரி. 1998-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் முல்லர், டுவெக் என்ற இருவர், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்து கஷ்டமான புதிரில் தடுக்கியதும் சீக்கிரம் சோர்வதையும், உழைப்புக்காகப் பாராட்டப்பட்ட பிள்ளைகள் கூடுதல் நேரம் முயல்வதையும் கண்டார்கள். இதை வைத்துப் பெரிய பெரிய கோட்டை கட்டினார்கள், பிற்பாடு நடந்த பெரிய ஆய்வுகளில் பலன் சின்னதாகத்தான் தெரிந்தது. ஆகவே பாராட்டை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன்.

தப்பான கணக்கைக் கையில் எடுங்கள், அதுதான் முக்கியம். 402-லிருந்து 175 போனால் 373 என்று எழுதியிருக்கிறாளா? சும்மா வந்த தப்பு இல்லை அது. 2-லிருந்து 5 போகாது என்பதால் 5-லிருந்து 2-ஐக் கழித்திருக்கிறாள், 0-க்கும் 7-க்கும் அதையே செய்திருக்கிறாள். யோசித்துத்தான் தப்பு செய்திருக்கிறாள். 'இந்த 3 எப்படிம்மா வந்துச்சு, எனக்குச் சொல்லு' என்று கேளுங்கள், உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேளுங்கள். சொல்லிக்கொண்டே வரும்போது பாதியில் அவளே நிறுத்துவாள் பாருங்கள். நிறுத்தாவிட்டால் பத்து ரூபாய் நோட்டும் சில்லறையும் வைத்துக் கடன் வாங்கிக் காட்டுங்கள். கிழிக்கிற அன்றைக்குப் பாடம் வேண்டாம், தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு விடுங்கள். ரப்பர் போட்டு அழிக்கவும் வேண்டாம், தப்பின் மேல் ஒரு கோடு போதும், பக்கத்திலேயே சரியானதும் இருக்கட்டும்.

கேள்வி: ஆறு வருஷமாக மாமியார் படுக்கையில். நான் வேலைக்கும் போகிறேன். 'நீ தைரியசாலி, தாங்கிக்குவே' என்கிறார்கள் எல்லாரும். இன்னும் மனத்திடத்தை எப்படி வளர்த்துக்கொள்வது?
(வாசகி, மதுரை)

வளர்த்துக்கொள்ள வேண்டாம் அம்மா, உங்களிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது, அதை எல்லாரும் சௌகரியமாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். உங்களுக்கு இப்போது வேண்டியது தூக்கமும் இன்னொரு ஜோடிக் கையும். நாத்தனாரோ கொழுந்தனோ யாராக இருந்தாலும், 'கொஞ்சம் உதவுங்கள்' என்று பொதுவாகக் கேட்காமல், சனிக்கிழமை இரவு நீங்கள், ஞாயிறு காலைக் குளிப்பாட்டல் நீங்கள் என்று வேலையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கணவரையும் அந்தக் கணக்கில் சேருங்கள், அவர் அம்மாதானே.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலி நிவாரணப் பராமரிப்பும் தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதிந்துவிடுங்கள். இரவில் அழுகை முட்டினால் 14416-க்கு அடியுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.