மகள் ஜப்பானிய மொழி படிக்கலாமா?

கேள்வி: என் மகள் பி.காம். முடித்திருக்கிறாள். ஐ.டி. கம்பெனிகளில் மொழி தெரிந்தவர்களை நிறைய எடுக்கிறார்களாம், ஜப்பானிய மொழி படிக்கிறேன் என்கிறாள். பணம் கட்டலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: தாராளமாகக் கட்டுங்கள். ஆனால் 'என்-5 முடித்தாலே வேலை' என்று சொல்லும் இடத்தில் மட்டும் கட்டாதீர்கள். ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜே.எல்.பி.டி. தேர்வில் என்-5 என்பது முதல் படி, உச்சம் என்-1. கம்பெனிகள் பெரும்பாலும் என்-3 கேட்பார்கள், ஜப்பான்காரர்களோடு நேரடியாகப் பேசும் வேலைக்கு என்-2 வேண்டியிருக்கும், அதற்குச் சில வருடங்கள் பிடிக்கும். இன்னொரு விஷயம், இந்தத் தேர்வில் பேச்சும் கிடையாது, எழுத்தும் கிடையாது, சரியான விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். அதனால்தான் சான்றிதழை வைத்துக்கொண்டு இன்டர்வியூவில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். சேரும் முன், பேச வைப்பீர்களா என்று கேட்டுவிடுங்கள். சென்னையில் ஏ.பி.கே. – ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் மையத்தில் விசாரிக்கலாம். தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் வரும்.

அப்புறம், பி.காமை ஒன்றுமில்லாதது போல எழுதியிருக்கிறீர்களே! வெறும் மொழி தெரிந்தவரைவிட, ஜப்பானிய இன்வாய்ஸைப் படித்து அதில் வரிக்கணக்கு எங்கே இடிக்கிறது என்று சொல்கிறவருக்குத்தான் மதிப்பு. டேலியும் எக்செலும் கையோடு இருக்கட்டும். டோக்கியோவில் காலை ஒன்பது மணி என்றால் நமக்கு ஐந்தரை, ஆகவே விடிகாலை ஷிப்ட் இருக்கலாம், அதை மட்டும் இப்போதே மகளிடம் பேசிவிடுங்கள்.

கேள்வி: நம் ஐ.டி. கம்பெனிகளே ஹங்கேரி, போலந்தில் ஆள் எடுக்கின்றனவே, ஜெர்மன் படித்த நம் பிள்ளைகள் போதாதா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: இது புதிதல்ல. டி.சி.எஸ். 2001-லேயே புடாபெஸ்டில் மையம் திறந்துவிட்டது. இன்ஃபோசிஸ் 2007-ல் பிலிப்ஸின் கணக்கு வேலை மையங்களை வாங்கியபோது போலந்தும் கிடைத்தது, கூடவே சென்னை மையமும்! ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் விசா இல்லாமல் இன்னொரு நாட்டுக்குப் போய் வேலை பார்க்கலாம், அதனால் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் பேசுகிறவர்களை ஒரே ஊரில் சேர்க்க முடிகிறது. வாடிக்கையாளருக்கும் அதே நேரம்தான், சம்பளமோ ஜெர்மனியைவிடக் குறைவு. போனை எடுத்துப் பேசும் வேலை அங்கே போகும், ஜெர்மன் ஆவணத்தைப் புரிந்து புரோகிராம் எழுதுகிற, சோதிக்கிற வேலைக்கு இங்கேயும் ஆள் தேடுகிறார்கள். ஜெர்மனில் நான்காம் படியான பி2 வரை படித்தால் விண்ணப்பித்துப் பார்க்கலாம், முதல் படியான ஏ1-ஓடு நின்றால் வேண்டாம்.