ஐந்நூறு பவுணுக்கு ஒரு துவக்கு: வாசகர் கேள்வி பதில்

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கிளே, அதாவது காற்றில் எறியும் தட்டு, சுடப் போவதைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: மலிவாக ஒரு ஷொட்கன் (சிறு சன்னங்களைச் சிதறிச் சுடும் துவக்கு) வாங்க வழி என்ன? மூன்று பேருக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் கடைக்காரன் அல்ல. இங்கிலாந்தில் பத்தொன்பது வருடமாகச் சுடுகிறேன், அதில் இரண்டு தரம் ஏமாந்திருக்கிறேன். என் தகுதி அவ்வளவுதான்.

கேள்வி: அண்ணை, எனக்கு 41 வயது. வேலைத்தல நண்பர்களோடு கென்ட் பக்கம் ஒரு மைதானத்துக்குப் போய் ஐம்பது தட்டுக்குச் சுட்டேன், பதினெட்டு உடைந்தது. அன்றையிலிருந்து வேறு நினைப்பே இல்லை. 500 பவுண் ஒதுக்கி வைத்திருக்கிறேன். புதுத் துருக்கித் துவக்கு ஒன்று 650 சொல்கிறார்கள். பழையது வாங்கலாமா? மனைவியோ, "ஊரிலை வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள், இங்கை காசு குடுத்துச் சுடப் போறியளோ?" என்கிறா.
– க.ம., ஹரோ

பதில்: தம்பி, உங்கள் மனைவி சொன்ன அதே வசனத்தை என் வீட்டிலும் கேட்டிருக்கிறேன். அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. ஒரு நாள் அவவையும் மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். முதல் தட்டு உடைந்ததும் சிரித்தா, பிறகு காருக்குள் போய் இருந்துவிட்டா. அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

சரி, காசுக்கு வருவோம். 500 பவுண் துவக்குக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா? ஷொட்கன் சான்றிதழுக்கு முன்பு 79 பவுண் 50 பென்ஸ்தான். 2025 பெப்ரவரியிலிருந்து புதுச் சான்றிதழ் 194 பவுண். ஐந்து வருடத்துக்குச் செல்லும். ஜி.பி.யிடமிருந்து, அதாவது குடும்ப வைத்தியரிடமிருந்து, வாங்கும் மருத்துவக் கடிதத்துக்கு அவர் கேட்கும் காசு வேறு. பூட்டி வைக்க இரும்புப் பெட்டி வேண்டும், அதைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பொலிஸார் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். பெட்டித் திறப்பு இருக்கும் இடம் மனைவிக்கும் தெரியக்கூடாது, அவவுக்கும் சான்றிதழ் இருந்தால் ஒழிய. இதைக் கேட்டால் உங்கள் வீட்டில் இன்னொரு வசனம் வரும், ஆயத்தமாக இருங்கள்.

சான்றிதழ் கைக்கு வர சில இடங்களில் மாதக்கணக்காகும். அந்த நாட்களை வீணாக்காதீர்கள். பொலிஸ் அனுமதி பெற்ற கிளே மைதானங்களில் சான்றிதழ் இல்லாமலே, அவர்களுடைய துவக்கை வாடகைக்கு எடுத்துச் சுடலாம். எட்டுப் பத்துத் தரம் போய் வெவ்வேறு துவக்குகளைத் தோளில் வைத்துப் பாருங்கள். எது உங்களுக்குப் பொருந்துகிறது என்று தெரியாமல் வாங்குவது, அளவு பார்க்காமல் சப்பாத்து வாங்குவது போலத்தான்.

புதிதா பழையதா என்று கேட்டால், உங்கள் காசுக்குப் பழையதுதான் என்பேன். அந்தத் துருக்கித் துவக்கு மோசமில்லை. ஆனால் கடையை விட்டு வெளியே வந்த அன்றைக்கே அதன் விலையில் ஒரு பங்கு போய்விடும். அதே காசுக்குக் கொஞ்சம் பொறுத்திருந்தால், நன்றாகப் பாவித்த ஒரு பெரெட்டா 686 (இத்தாலியத் துவக்கு) கிட்டத்தட்ட எட்டும். அதை மூன்று வருடம் சுட்டுவிட்டு வாங்கிய விலைக்கே விற்கலாம். 300 பவுணுக்குள் நிற்கவேண்டும் என்றால் லான்பர் பாருங்கள். ஸ்பெயினில் செய்தது, இப்போது உற்பத்தி இல்லை, பார்வைக்கும் பெரிய அழகில்லை. என் முதல் துவக்கு அதுதான். வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளும் எஜெக்டர் ஸ்பிரிங் ஒரு தரம் உடைந்தது, வேறு குறை சொல்ல முடியாது.

உங்களை மயக்கப் போவது இவை எதுவும் அல்ல. இரண்டு குழலும் பக்கம் பக்கமாக இருக்கும் பழைய பர்மிங்ஹாம் துவக்குத்தான். 150, 200 பவுணுக்குக் கிடக்கும். வால்நட் பிடங்கு (தோளில் வைக்கும் மரக்கட்டை), கையால் செதுக்கிய இலையும் கொடியும். வன்னியில் என் பெரியப்பா பன்றிக் காவலுக்கு ஒரு இரட்டைக்குழல் வைத்திருந்தார். அந்த நினைப்பில் நானும் 180 பவுண் கொடுத்து ஒன்றை ஒரு தனி ஆளிடம் வாங்கினேன். அவருடைய சமையலறையில் வைத்துப் பார்த்தேன், மேசை விளக்கு வெளிச்சத்தில் பிடங்கு தேன் மாதிரி மின்னியது. குழலுக்குள் பார்த்தேனா? பார்த்தேன். என்ன பார்க்கவேண்டும் என்று தெரியாமல் பார்த்தேன்.

அடுத்த கிழமை ஒரு கன்ஸ்மித், அதாவது துவக்குத் திருத்துபவர், அதை அளந்தார். 12 போருக்குரிய (போர் என்பது குழல் பருமனின் அளவு) சாதாரண உள்விட்டம் .729 அங்குலம், என் துவக்கில் குத்தியிருந்த எண்ணும் அதுதான். அவருடைய அளவுகோல் .741 காட்டியது. துருவை நீக்க யாரோ உள்ளே தேய்த்துத் தேய்த்துச் சுவரை மெலிய வைத்துவிட்டார்கள். குத்திய அளவை விடப் பத்து தவ், அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் பத்துப் பங்கு, பெருத்துவிட்டாலே அது ப்ரூஃப், அதாவது குழல் வெடியைத் தாங்கும் என்ற பரிசோதனை, தவறிய துவக்கு. இந்த நாட்டில் அப்படியானதை விற்பது குற்றம். 1868ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் இருக்கிறது. லண்டனிலோ பர்மிங்ஹாமிலோ உள்ள ப்ரூஃப் ஹவுஸுக்கு அனுப்பினால் அளவுக்கு மிஞ்சிய வெடிமருந்து வைத்துச் சுட்டுப் பார்த்துத் திரும்ப முத்திரை குத்துவார்கள். தாங்காவிட்டால் குழல் உங்கள் நட்டம். எனக்குத் துணிவு வரவில்லை. அப்படியே ஒப்படைத்துவிட்டேன். விற்றவரைப் பிறகு தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை.

அதனால் பழையது எடுக்கும்போது குழலுக்குக் கீழே கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றிவிட்டுத் துவக்கை மூடி, குழலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கொஞ்சமும் அசையக் கூடாது. குழலைத் தனியே கழற்றி, அதன் அடியில் உள்ள கொக்கியில் விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு நகத்தால் தட்டுங்கள். கோயில் மணிபோல இழுத்துக் கேட்க வேண்டும். சட்டி தட்டின சத்தம் வந்தால் குழல்களை இணைக்கும் நடுப்பட்டை எங்கோ விட்டிருக்கிறது. யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள், நிழல் வளையம் தெரிந்தால் அந்த இடம் வீங்கியிருக்கிறது அல்லது நெளிந்திருக்கிறது. பிடங்கு இரும்போடு சேரும் இடத்தில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், எண்ணெய் ஊறிக் கறுத்த துவக்கில் அது தெரியாது, நகத்தால் வருடினால் தெரியும். விசையைச் சும்மா இழுக்காதீர்கள், ஸ்நாப் கப் என்ற போலித் தோட்டா போட்டுத்தான் இழுக்க வேண்டும். இவ்வளவும் பார்த்த பிறகும் அளவுகோல் வைத்திருக்கிற ஒருவரிடம் காட்டுங்கள். கன்ஸ்மித்துக்குக் கொடுக்கும் அந்தக் கொஞ்சக் காசுதான் உங்கள் 500இல் பிரயோசனமான செலவு.

தோட்டா வைக்கும் அறையின் நீளத்தையும் பாருங்கள். பழைய ஆங்கிலத் துவக்குகளில் பல இரண்டரை அங்குலம். இரண்டே முக்கால் தோட்டாவும் அதற்குள் போகும். போகிறது என்பதற்காகச் சுடக்கூடாது. சுடும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும்.

அப்புறம் ஈயம். ஈயச் சன்னத்துக்குத் தடை வருகிறது என்று 2025 ஜூலையில் அரசு அறிவித்துவிட்டது. மாறிக்கொள்ள மூன்று வருட அவகாசம் சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு பெரும்பாலும் உருக்குச் சன்னம்தான். அது ஈயம்போல நெரிந்து கொடுக்காது, இறுக்கமான சோக்கை, அதாவது குழல் வாயின் ஒடுக்கத்தை, கெடுத்துவிடும். சாதாரண உருக்குத் தோட்டாவுக்கு அரை சோக்குக்கு மேல் இறுக்கம் வேண்டாம். வலுக் கூடியதற்குக் குழலில் லில்லிப் பூ முத்திரை இருக்க வேண்டும். அந்த அழகான பர்மிங்ஹாம் துவக்குகள் இவ்வளவு மலிந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குக் குழல், சோக்கை மாற்றிப் போடக்கூடியது, இரண்டே முக்கால் அறை: உங்களுக்கு இது போதும்.

கேள்வி: அண்ணா, நான் ஐந்தடி இரண்டு அங்குலம், இடதுகைக்காரி. 12 போர் உதைக்கும், 20 போர் வாங்குங்கோ என்று எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகி, லெஸ்டர்

பதில்: தங்கச்சி, எல்லாரும் என்றால் ஆண்கள் எல்லாரும் என்று நினைக்கிறேன். உதைப்பது துவக்கின் பாரத்தையும் தோட்டாவையும் பொறுத்தது. 20 போர் பாரம் குறைவு, அதனால் அதே அளவு சன்னத்தைப் போட்டால் கூடவே உதைக்கும். கொஞ்சம் பாரமான 12 போரில் 21 கிராம் சன்னமுள்ள தோட்டா போட்டுச் சுட்டுப் பாருங்கள், தோளில் தட்டின மாதிரித்தான் இருக்கும். வெடி வாயுவில் இயங்கி அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் செமி ஓட்டோ இன்னும் மெல்லத்தான் உதைக்கும். ஆனால் உங்களுக்கு வெற்றுத் தோட்டா முகத்துக்குக் குறுக்கே பறக்கும். அதனால் இடதுகைக்கென்று செய்தது தேடுங்கள்.

பெரும்பாலான பிடங்குகள் வலதுகைக்காரருக்காகச் சற்று வெளியே வளைத்தவை. உங்கள் கன்னத்துக்கு அது எதிர்ப்பக்கம். நல்ல கன்ஸ்மித் எண்ணெயைச் சூடாக்கி ஊற்றி மரத்தை மற்றப் பக்கம் வளைத்துத் தருவார். நீளத்தையும் வெட்டிக் குறைப்பார், வெட்டிய துண்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விற்கும்போது உதவும். இந்தச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.

கேள்வி: அப்பாவின் சிநேகிதரான ஒரு வெள்ளைக்காரத் தாத்தா இறந்துவிட்டார். அவருடைய மனைவி, "வந்து துவக்கை எடுத்துக்கொண்டு போ, காசு வேண்டாம்" என்கிறா. எனக்கு இன்னும் சான்றிதழ் வரவில்லை. கராஜில் வைத்திருக்கலாமா?
– சி., மில்டன் கீன்ஸ்

பதில்: வேண்டாம். ஒரு இரவு வைத்திருந்தாலும் குற்றம், சான்றிதழும் வராது. அந்த அம்மா பொலிஸுக்கு அறிவித்தால் தற்காலிக அனுமதி கொடுப்பார்கள், அல்லது பதிவுபெற்ற வியாபாரி ஒருவர் வந்து எடுத்துத் தன் கடையில் வைத்திருப்பார், மாதம் கொஞ்சம் வாடகை கேட்பார். வாடகையை நீங்கள் கட்டுங்கள். சான்றிதழ் வந்ததும் நேரில் போய் எடுத்து, அதில் எழுதுவித்து, ஏழு நாளுக்குள் பொலிஸுக்கு அறிவியுங்கள். எடுக்க முதல் குழலை அளக்கச் சொல்லுங்கள். அந்த அம்மாவுக்கு ஒரு பலகாரப் பெட்டியும் கொண்டு போங்கள், ஆனால் உறைப்பு வேண்டாம்.